"அம்மா, உங்க ஆபீஸும் அப்படித்தானா?"

கேள்வி: அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருக்கிறேன். விலங்குகள் மனிதர்களைப் போல வாழும் 'ஜூடோபியா' கார்ட்டூன் படத்தைப் பார்த்ததிலிருந்து என் பத்து வயது மகன், "உங்க ஆபீஸும் அந்த ஸ்லாத் ஆபீஸ் மாதிரிதானாம்மா?" என்று கேட்டுச் சிரிக்கிறான். மனசு வலிக்கிறது. அவனுக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: வலிக்கத்தான் செய்யும். ஆனால் அவனைத் திட்டாதீர்கள், சகோதரி. வண்டி நம்பர் ஒன்றை விசாரிக்கப் பகலில் அந்த ஆபீஸுக்குள் போன முயல் போலீஸ் ஜூடி வெளியே வரும்போது இருட்டிவிடுகிறது. கவுன்டருக்குப் பின்னால் ஃப்ளாஷ் என்ற ஸ்லாத் (மிக மெதுவாக நகரும் விலங்கு) ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருக்கிறது. வரிசையில் கால்கடுக்க நின்ற யாருக்குமே சிரிப்பு வரும்.

2016-ல் வந்த அந்தப் படத்தை அவனோடு உட்கார்ந்து மறுபடி பாருங்கள். ஜூடி வேலைக்குச் சேரும் முதல் நாளில் நிறுத்துங்கள். பயிற்சியில் முதலிடம் பெற்றவள் அவள். காணாமல்போன 14 பேரைத் தேடும் வேலை மற்றவர்களுக்குப் போகிறது. இவளுக்கு பார்க்கிங் அபராதச் சீட்டு கிழிக்கிற வேலை. அங்கே எந்தத் தாமதமும் இல்லை, உத்தரவு சட்டென்று வந்துவிடுகிறது. ஸ்லாத் கவுன்டரில் எல்லோரும்தான் காத்திருக்கிறார்கள். இங்கே முயல் என்பதற்காகவே ஒருத்தி ஒதுக்கப்படுகிறாள். "ஏன் இவளுக்கு மட்டும் இந்த வேலை?" என்று கேளுங்கள். அவனே சொல்லட்டும். ஐஸ்கிரீம் கடையில் நரிக்கு விற்க மறுப்பார்களே, அங்கேயும் கேளுங்கள்.

அப்புறம், 2004-ல் வந்த 'தி இன்கிரெடிபிள்ஸ்' படத்தைக் காட்டுங்கள். அதில் ஒரு காட்சியை நான் எத்தனை முறை பார்த்தாலும் கண் கலங்கும். கதாநாயகன் பாப் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். கிளெய்ம் மறுக்கப்பட்ட ஒரு பாட்டி அவர் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கலங்குகிறார். "உதவ ஆசைதான், முடியாது" என்று சொல்லிக்கொண்டே எந்த மாடிக்குப் போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், எந்தப் படிவத்தைக் கொடுக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார் பாப். பெயரைக்கூட எழுத்துக் கூட்டிச் சொல்கிறார். வாடிக்கையாளர்களுக்கு வழி தெரிந்துவிடுகிறதே என்றுதான் அவருடைய மேலதிகாரிக்குக் கோபம்!

சரி, உங்கள் அலுவலகத்தைப் பற்றி? இன்று யாருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தீர்கள் என்று ராத்திரி சாப்பிடும்போது சொல்லுங்கள். தாள் ஒன்று குறைந்ததால் யாரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது என்பதையும் மறைக்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெற்றுப் படிவம் ஒன்றைக் கொடுத்து அவனையே நிரப்பச் சொல்லுங்கள். எந்தக் கட்டத்தில் பேனாவை நிறுத்திவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறான் என்று கவனியுங்கள்.