சேலை மடிக்கும் மேனேஜர்

வணக்கம். என் தம்பி ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறான். இரண்டு வருஷம் 'சேல்ஸ்மேன்'. தீபாவளிக்குப் பிறகு 'ஃப்ளோர் மேனேஜர்' என்று கடிதம் கொடுத்து, சம்பளத்தில் 640 ரூபாய் ஏற்றி 16,640 ஆக்கினார்கள். வேலை அதேதான், காலை 9.30 முதல் இரவு 9.30 வரை. ஓ.டி. (கூடுதல் நேரச் சம்பளம்) கேட்டால் "மேனேஜருக்கு ஏதுங்க ஓ.டி." என்கிறார்கள். சட்டமே அப்படித்தானா?

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள வாசகருக்கு,

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. மேலாண்மைப் பொறுப்பில் இருப்பவர்களுக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் (1947) விலக்கு வைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பொறுப்பை முடிவு செய்வது பார்க்கும் வேலை. கடிதத்தில் அடித்த பெயர் அல்ல. கரோனா சாகு என்ற காலணி நிறுவனத்தின் கடை மேலாளர் வழக்கில் (1994) உச்ச நீதிமன்றம் அப்படித்தான் பார்த்தது. அவர் கடையை நிஜமாகவே நிர்வகித்தார் என்பதால் 'தொழிலாளி அல்ல' என்று தீர்ப்பாயிற்று. அதே அளவுகோல் உங்கள் தம்பிக்கு வேறு பதில் சொல்லும்.

லீவு லெட்டரில் கையெழுத்து யாருடையது? ஆளை எடுக்கவும் நிறுத்தவும் யார் சொல்கிறார்? ஒருவருக்கு நாற்பது சேலை விரித்து, ஒன்றை விற்று, மீதி முப்பத்தொன்பதையும் பழைய மடிப்புத் தடத்திலேயே பார்டர் தெரிய மடித்து அடுக்குகிறவர், ஐம்பது ரூபாய் குறைக்கக் கல்லாவில் கேட்க வேண்டியிருந்தால் அவர் விற்பனையாளர்தான்.

இனி கணக்கு. 16,640-ஐ 208-ஆல் (26 நாள் × 8 மணி) வகுத்தால் மணிக்கு 80 ரூபாய். ஓ.டி. இரட்டிப்பு, 160. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்தாலும் தினம் 3 மணி கூடுதல், மாதம் 78 மணி. ஆக 12,480 ரூபாய். ஏற்றிக் கொடுத்த 640-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்! ஓ.டி.யோடு சேர்த்தே நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணிதான் உச்சம் என்பதால், 11 மணி நேரம் வேலை வாங்குவதே தனிக் குற்றம்.

'சூப்பர்வைசர்' என்று போடாததற்கும் காரணம் இருக்கக்கூடும். 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, மேற்பார்வையாளர் மாதம் 18,000-க்கு மேல் வாங்கினால்தான் தொழிலாளி என்ற வரையறையை விட்டு வெளியே போவார். மேலாளர் எவ்வளவு வாங்கினாலும் வெளியே. 16,640-க்கு எந்தப் பெயர் வசதி என்று சொல்ல வேண்டியதில்லை.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பதவியைப் பார்ப்பதே இல்லை. 21,000 வரை வாங்குகிறவருக்கு உண்டு: தம்பி பங்கு 0.75%, சுமார் 125 ரூபாய். கடையின் பங்கு 3.25%, சுமார் 541. மேனேஜர் ஆன மாதத்திலிருந்து சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தம் காணாமல் போயிருக்கிறதா பாருங்கள். (வேலை நேரத்தில் உட்கார இருக்கை தரச் சொல்லி 2021-இல் இதே கடைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். மேனேஜருக்காவது ஸ்டூல் போட்டார்களா?)

வருகைப் பதிவு கடையின் கையில் இருப்பதால், வந்த நேரம், போன நேரம், செய்த வேலை மூன்றையும் தம்பி அன்றன்றே நோட்டில் எழுதட்டும். டூட்டி சார்ட்டையும் வாட்ஸ்அப் உத்தரவுகளையும் படமெடுத்து வைக்கட்டும். வழக்கைக் கெடுப்பது பெரும்பாலும் ஒரு சின்னக் காரியம்: "சும்மா போடுப்பா" என்றதும் மற்றவர்களின் லீவு லெட்டரில் 'அனுமதிக்கப்பட்டது' என்று கையெழுத்துப் போடுவது. பிறகு அந்தத் தாளே அவருக்கு எதிராக வந்து நிற்கும்.

மூன்று மாதக் குறிப்பு சேர்ந்ததும் தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். மேனேஜர் கடிதத்தின் நகலை மறைக்காமல் முதல் இணைப்பாகவே வையுங்கள்.

அன்புடன்.