எந்த டேப்லெட் வாங்கலாம்? – கடிதம்

அன்புள்ள அக்கா,

பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி இரண்டாம் வருஷம் படிக்கிறேன். வீடு கல்லிடைக்குறிச்சி. சின்ன வயதிலிருந்தே நோட்டில் வரைந்துகொண்டிருக்கிறேன். இப்போது கம்ப்யூட்டரோடு இணைத்துப் பேனாவால் வரைகிற தட்டு, அதுதான் டேப்லெட், ஒன்று வாங்கி வரையப் பழக வேண்டும் என்று ஆசை. கல்யாணப் பத்திரிகை, புத்தக அட்டை, பிள்ளைகள் கதைக்குப் படம் என்று செய்தால் கையில் கொஞ்சம் காசும் பார்க்கலாம் என்று ஒரு எண்ணம்.

அண்ணனுக்கு பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் வீட்டில் இருக்கிறது. ரேம் 4 ஜிபி. என் சேமிப்பு 5,000 ரூபாய். துபாயில் இருக்கும் மாமா, “25,000 ஆனாலும் சரி, திரை உள்ள டேப்லெட்டே வாங்கிக்கோ” என்கிறார். திரை இல்லாததில் கையைப் பார்க்காமல் வரையவே வராது என்று தோழி சொல்கிறாள். கடைக்காரரோ 8192 பிரஷர் இருந்தால்தான் உருப்படி, போட்டோஷாப்பை நானே ஏற்றித் தருகிறேன் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

வாசகி, கல்லிடைக்குறிச்சி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் 5,000 ரூபாய் போதும். திரை இல்லாத சின்ன டேப்லெட் ஒன்று வாங்குங்கள். கிரிட்டா என்ற மென்பொருளை இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். மாமாவின் பணத்துக்கு வேறு நல்ல செலவு இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் தோழி சொன்னது. கை கீழே தட்டில் இருக்கும், கோடு மேலே திரையில் விழும். முதல் நாள் கை சொன்னபடி கேட்காது, அழுகை வரும். ஆனால் மவுஸை யாரும் கையைப் பார்த்து நகர்த்துவதில்லையே. தினம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலானவர்களுக்குப் பிடிபட்டுவிடும். அப்புறம் இதில் ஒரு நன்மையும் உண்டு. வரைகிற கை படத்தை மறைக்காது, கழுத்தைக் குனிய வேண்டாம், நிமிர்ந்து உட்கார்ந்தே வேலை செய்யலாம். திரை உள்ள டேப்லெட் அருமையான கருவிதான், மறுக்கவில்லை. அதற்கு எச்டிஎம்ஐ ஒயர், யுஎஸ்பி ஒயர், தனி மின் இணைப்பு, சாய்த்து வைக்க இடம் எல்லாம் வேண்டும். கண்ணாடியில் கீறல் விழுந்தாலோ திரை போனாலோ செலவு பெரிது. சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு உங்கள் காசில் வாங்கினால் எதற்கு வாங்குகிறோம் என்று தெரிந்தே வாங்குவீர்கள்.

அடுத்து அந்த 8192. பேனாவை அழுத்துகிற அளவை எத்தனை படியாகக் கருவி பிரிக்கிறது என்கிற கணக்கு அது. 2048 படியையே நம் கையால் பிரித்து உணர முடியாது. 8192, 16384 எல்லாம் பெட்டிமேல் போட வசதியான எண்கள். பார்க்க வேண்டியது வேறு: லேசாகத் தொட்டாலே கோடு விழுகிறதா? மெதுவாகச் சாய்கோடு இழுத்தால் நடுங்காமல் வருகிறதா? கடையில் மாதிரி வைத்திருந்தால் இந்த இரண்டையும் கட்டாயம் செய்து பாருங்கள்.

ஜப்பான் நிறுவனமான வாகாமின் ‘ஒன் பை வாகாம்’ சின்ன அளவில் வரைகிற பரப்பு 152 × 95 மில்லிமீட்டர், அதாவது நம் அஞ்சலட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. அழுத்தம் 2048 படி. ஆரம்பத்துக்கு இது தாராளம். ஹுயான், எக்ஸ்பி-பென் இரண்டும் இதே விலைக்கு இன்னும் கொஞ்சம் பெரிய பரப்பும், ஓரத்தில் பொத்தான்களும் தருகின்றன. மூன்றில் எது என்றால், உங்கள் ஊருக்கு ஒழுங்காக வாரண்டி பில்லோடு எது கிடைக்கிறதோ அது. இந்த வகைப் பேனாக்களில் பெரும்பாலானவற்றுக்கு பேட்டரி கிடையாது. தட்டுக்குள் இருக்கும் கம்பி வலை அனுப்புகிற மின்காந்த அலையிலிருந்தே பேனாவுக்குள் உள்ள சுருள் சக்தி எடுத்துக்கொள்கிறது. 100 ரூபாய்க்கு விற்கிற ரப்பர் முனை ஸ்டைலஸ் வெறும் விரலுக்குப் பதில்தான், அழுத்தம் அதற்குத் தெரியாது. சில டேப்லெட்டுகளை ஓடிஜி ஒயர் (போனின் சார்ஜர் துளையில் யுஎஸ்பி கருவியைச் சேர்க்கிற ஒயர்) போட்டு ஆண்ட்ராய்டு போனிலும் சொருகலாம். ஆனால் போனை நிமிர்த்தி வைத்தால் தட்டில் ஒரு சின்னப் பகுதிதான் வேலை செய்யும். பேருந்தில் போகும்போது ஐபிஸ்பெயின்ட் என்கிற வரையும் ஆப்பில் விரலால் கிறுக்கிப் பழகலாம், அது போதும். ஐபேடில் மட்டும் ஓடுகிற புரோகிரியேட் என்ற வரையும் மென்பொருளைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம்.

வாங்கி வந்ததும் பலர் தவறவிடுகிற இடம் செட்டிங்ஸ். பெட்டியில் வருகிற டிரைவரை (கருவியைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கிற மென்பொருள்) விட்டுவிட்டு, நிறுவனத்தின் தளத்திலிருந்து புதியதை இறக்குங்கள். வேறு நிறுவன டிரைவர் ஏற்கெனவே இருந்தால் அதை நீக்கிவிட்டுத்தான் இதைப் போட வேண்டும், இரண்டும் ஒன்றோடொன்று மோதும். பிறகு டிரைவர் செட்டிங்ஸில் அதற்கென்று உள்ள டிக்கைப் போட்டு, தட்டின் நீள அகலத்தைத் திரையின் விகிதத்துக்குப் பொருத்துங்கள். இதைச் செய்யாவிட்டால் கையில் வட்டம் போட்டால் திரையில் முட்டை வரும். பல பேர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துச் சோர்ந்துபோவது இந்த ஒரு டிக் போடாததால். அழுத்தம் வேலை செய்யவில்லை என்றால் கிரிட்டாவின் டேப்லெட் செட்டிங்ஸில் பேனாவின் அழுத்தத்தைப் படிக்க வின்டேப், விண்டோஸ் இங்க் என்று இரண்டு வழி இருக்கும், மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

கடைக்காரர் ஏற்றித் தருவதாகச் சொல்கிற போட்டோஷாப்பை தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது சந்தா கட்டிப் பயன்படுத்துகிற மென்பொருள். திருட்டுப் பிரதியோடு வைரஸும் சேர்ந்து வரலாம், நாளை அதில் செய்த வேலையைத் தைரியமாக ஒரு பதிப்பகத்துக்குக் கொடுக்கவும் முடியாது. கிரிட்டா வரைவதற்கென்றே உருவானது. கோடு நடுங்காமல் பிடித்துத்தர அதில் ஸ்டெபிலைசர் இருக்கிறது. அச்சுக்கான சிஎம்ஒய்கே நிறமும் அதிலேயே உண்டு. பத்திரிகை எழுத்து, லோகோ, பிளெக்ஸ் என்று வந்தால் இங்க்ஸ்கேப் பழகுங்கள், அதுவும் இலவசம். எவ்வளவு பெரிதாக்கினாலும் எழுத்தின் விளிம்பு உடையாது.

சரி, எதை வரைந்து பழகுவது? வாசல் கோலம் போடத் தெரியும்தானே. திரையில் புள்ளி வைத்து சிக்குக் கோலம் போடுங்கள். ஒவ்வொரு வளைவையும் பேனாவை எடுக்காமல், மணிக்கட்டால் இல்லாமல் முழங்கையிலிருந்து கையை நகர்த்தி இழுங்கள். ஆரம்பித்த புள்ளிக்குக் கோடு சரியாக வந்து சேர்கிற நாளில் உங்கள் கண்ணும் கையும் சேர்ந்துவிட்டன என்று அர்த்தம். அதுவரை ஸ்டெபிலைசரை அணைத்தே வையுங்கள்.

அடுத்தது லேயர், அதாவது கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்ததுபோல் படத்தைத் தனித்தனி அடுக்காக வரைவது. இதற்கு உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் நாயக்கர் காலச் சுவரோவியங்கள் உள்ளன. அனுமதி கேட்டுப் போய்ப் பாருங்கள். கப்பலில் குதிரைகள் வந்து இறங்குகிற காட்சி ஒன்று உண்டு, அதன் முன்னால் நின்று பாருங்கள். தட்டையாக நிரப்பிய நிறம், அதன்மேல் உருவத்தை எடுத்துக்காட்டுகிற கறுப்புக் கோடு. நிறத்துக்கு ஒரு லேயர், கோட்டுக்கு ஒரு லேயர், இரண்டே போதும் என்பது அங்கே கண்ணெதிரே தெரியும். கிருஷ்ணாபுரம் கோயிலில் இளவரசியைத் தோளில் தூக்கிப்போகும் குறவன் சிலையை நோட்டில் பென்சிலால் வரைந்து வாருங்கள். அதைப் போனில் படம் எடுத்து, கிரிட்டாவில் கீழ் லேயராக மங்கலாக வைத்து, மேலே புது லேயரில் கோடு போடுங்கள். நோட்டை விட்டுவிடாதீர்கள். உடம்பின் எடை எந்தக் காலில் நிற்கிறது என்பதை எந்த மென்பொருளும் சொல்லித்தராது.

காசு பார்ப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் பக்கத்தில் இது புதிது இல்லை. கோவில்பட்டியில் இருந்த ஓவியர் கொண்டையராஜு (1898–1976) நாடக மேடைக்குத் திரைச்சீலை வரைந்தவர். அவருடைய சாமி படங்கள் சிவகாசியில் காலண்டராக அச்சாகி வீடு வீடாகப் போயின. அச்சுக்குப் போகிற படம் அச்சில் எப்படி வரும் என்று தெரிந்து வரைவதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை. திரையில் பளீரென்று தெரிகிற பச்சையும் நீலமும் தாளில் மங்கும். அதனால் முதல் வேலைக்கு முன்பே ஒரு படத்தை அச்சகத்தில் கொடுத்துப் பிரிண்ட் எடுத்து, திரைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி மாமாவின் பணம். ஏ4 தாளை 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) திறந்தால் 2480 × 3508 பிக்சல். ஒரு முழு லேயருக்கே சுமார் 35 எம்பி நினைவகம் போகும். பத்து லேயர், அதோடு பின்னால் போகிற அன்டூ எல்லாம் சேர்ந்தால் 4 ஜிபி லேப்டாப் திணறும், பேனா போன பிறகு கோடு ஆடி அசைந்து வரும். மாமாவிடம் திரை டேப்லெட்டுக்குப் பதிலாக லேப்டாப்புக்கு ஒரு ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் (பழைய ஹார்ட் டிஸ்கைவிட வேகமான சேமிப்பகம்) கேளுங்கள். அவர் சொன்ன தொகை முழுதும் ஆகாது. வாங்குவதற்கு முன் லேப்டாப்பை ஜங்ஷன் பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் திறந்து காட்டி, ரேம் எந்த வகை, டிடிஆர்3யா டிடிஆர்4ஆ, கூடுதல் ஸ்லாட் இருக்கிறதா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சில மாடல்களில் ரேமைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், கூட்ட முடியாது. அப்படி இருந்தால் எஸ்எஸ்டி மட்டும் போட்டுக்கொண்டு, படத்தை 150 டிபிஐயில் வரைந்து பழகுங்கள். கோடு பழக அது போதும்.

அன்புடன்,
அக்கா