அலெக்சாண்ட்ரியாவுக்கு ஒருநாள் பிரைவேட் டூர்: ரேட்டுக்கு முன்னாடி எத்தன கடைன்னு கேளுங்க

கேள்வி: ஷார்ஜால வேலை பாக்கறேன் சார். டிசம்பர் லீவுல அப்பா (68), அம்மா (63, முட்டி வலி, சுத்த சைவம்), 10 வயசு பையன், நான்னு நாலு பேரு கெய்ரோ போறோம். அதுல ஒரு நாள் அலெக்சாண்ட்ரியா பாக்கணும். ஏஜென்ட் "பிரைவேட் கைடட் டூர், எல்லாம் சேத்து ஆளுக்கு 120 டாலர்"னு வாட்ஸ்அப்ல பிளான் அனுப்பியிருக்கார். இது சரியான ரேட்டா இல்ல ஏமாத்தறாரா? கைடு வேணாம், கார் மட்டும் போதும்னு சொல்லிடலாமா?

பதில்: ரேட்டுக்கு அப்புறம் வர்றேன் சகோதரி. நீங்க அனுப்பின பிளான்ல ரெண்டாவது வரியிலயே "உலக அதிசயமான கலங்கரை விளக்கம்"னு போட்டிருக்கார் பாருங்க, அது இப்ப இல்ல. நிலநடுக்கத்துல கொஞ்சம் கொஞ்சமா இடிஞ்சு போயி எழுநூறு வருஷம் ஆச்சு, பெரிய அடி 1303-ல விழுந்தது. அந்த இடத்துல 1477-ல சுல்தான் கைத்பே கோட்டை கட்ட ஆரம்பிச்சார், அதைத்தான் காட்டுவாங்க. அதுக்கு அடுத்த வரி "பழைய உலகப் புகழ்பெற்ற நூலகம்", அதுவும் எப்பவோ அழிஞ்சு போச்சு, இப்ப இருக்கறது 2002-ல திறந்த புது கட்டடம். நல்ல கட்டடம்தான், பாக்கலாம், ஆனா பழசுன்னு சொல்லி விக்கறது வேற விஷயம். நல்லவேளை கிளியோபாட்ரா ஊசித்தூண்னு சொல்ற ரெண்டு கல் தூணை சேக்கல, அது ரெண்டும் லண்டன்லயும் நியூயார்க்லயும் நிக்குது. இதை வெச்சு ஏஜென்டை திருடன்னு சொல்லல. அவர் அந்த ஊருக்குப் போனதே இல்ல, யாரோ அனுப்பின பிளானை அப்படியே உங்களுக்கு ஃபார்வேர்டு பண்ணியிருக்கார், அவ்வளவுதான். அவருக்குக் கீழ கெய்ரோல ஒரு கம்பெனி, அதுக்குக் கீழ கார்க்காரர், கைடு, இப்படி மூணு கை மாறித்தான் உங்க பணம் போய் சேரும்.

இப்ப உங்க நாளை கணக்கு போடுங்க. கெய்ரோல இருந்து பாலைவன ரோட்டுல 220 கிலோமீட்டர், ரெண்டரை மணி நேரத்துல இருந்து மூணு மணி நேரம். காலைல 7-க்கு கிளம்பினா 10 மணிக்கு ஊருக்குள்ள. டிசம்பர்ல சாயங்காலம் 5 மணிக்கே இருட்டிடும், பாக்கற இடம் நிறைய அதை ஒட்டியே மூடிடுவாங்க. அப்ப உங்க கையில ஏழு மணி நேரம்தான், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், ஊர் டிராஃபிக்குக்கு ஒரு மணி நேரம் போனா அஞ்சு. நீங்க காசு குடுத்து வாங்கறது இந்த அஞ்சு மணி நேரத்தைத்தான். பிரைவேட்னா கார்ல வேற ஆள் இல்லைங்கறது மட்டும் கிடையாது, அந்த அஞ்சு மணி நேரம் யார் கையில இருக்குங்கறதுதான் விஷயம். அதை எழுத்துல வாங்கலைன்னா கைடு வேற ஒருத்தருக்கு வித்துடுவார்.

யாருக்குன்னா கடைக்காரருக்கு. பப்பைரஸ் (நாணல்ல செய்யற பழைய எகிப்து காகிதம்) கடை ஒண்ணு, சென்ட் எண்ணெய் கடை ஒண்ணு. "மியூசியம் மாதிரிதான் மேடம், ஃப்ரீ டெமோ, வாங்கணும்னு கட்டாயமில்ல"ம்பாங்க, டீ குடுப்பாங்க, பெரியவங்களை சோஃபால உக்கார வெப்பாங்க, அப்புறம் எழுந்து வர்றதுக்கு நமக்கே கூச்சமா இருக்கும். போர்டுல இன்ஸ்டிடியூட்னு எழுதியிருந்தாலும் கடை கடைதான். வாங்கற பொருள்ல கைடுக்கு கமிஷன், டிரைவருக்கு கமிஷன், அதுவும் சின்ன கமிஷன் இல்ல. ரோட்டுல விக்கற பப்பைரஸ்ல பாதி வாழை நார்ல செஞ்சது, மடிச்சா ஒடியும். ஒரு தடவ நாங்க அனுப்பின குடும்பத்தை சென்ட் கடையில ஒன்னேகால் மணி நேரம் உக்கார வெச்சுட்டு, கோட்டைக்கு கூட்டிட்டு போனப்ப கேட் சாத்தியாச்சு. கேட்டா "இன்னிக்கு சீக்கிரம் மூடிட்டாங்க"ன்னு பதில். அன்னில இருந்து நான் ரேட்டு கேக்கறதுக்கு முன்னாடி எத்தன கடைன்னுதான் கேக்கறேன். கைடை மட்டும் திட்டியும் பிரயோஜனம் இல்ல. கம்பெனி தர்ற நாள் சம்பளத்துல அவருக்கு வீடு நடக்காது, கடையில இருந்து வர்ற காசை நம்பித்தான் கம்பெனியே சம்பளத்தை கம்மியா வெக்குது. சுற்றுலா அமைச்சகத்துல கைடுக்கு லைசென்ஸ் குடுப்பாங்க, பரிச்சை வெப்பாங்க, கழுத்துல கார்டு மாட்டி விடுவாங்க, இதை மட்டும் யாரும் தொட மாட்டாங்க.

சரி, கைடு இல்லாம போகலாமான்னு கேட்டீங்க. போகலாம், ஆனா டிரைவரே எல்லாம் சொல்லுவார்னு ஏஜென்ட் சொன்னா நம்பாதீங்க. தொல்லியல் இடங்களுக்குள்ள லைசென்ஸ் வெச்சிருக்கற எகிப்து கைடு மட்டும்தான் விளக்கம் சொல்ல முடியும், டிரைவர் வாசல்லயே நின்னுடணும். "தமிழ் கைடு இருக்கார்"னு ஒரு கூட்டம் விக்குது, அதுவும் இதே கதைதான், வர்றவர் டூர் மேனேஜர், உள்ள போனதும் எகிப்துக்காரர் இங்கிலீஷ்ல சொல்றதை பாதி மொழிபெயர்ப்பார்.

உங்க குடும்பத்துக்கு கைடு வெச்சுக்கங்கன்னுதான் சொல்லுவேன். காரணம், இந்த ஊர்ல கண்ணுக்குத் தெரியறது கம்மி. கெய்ரோல பிரமிடு முன்னாடி நின்னா யாரும் எதுவும் சொல்ல வேணாம். இங்க பழைய ஊர் பாதி கடலுக்குள்ள, மீதி இப்ப இருக்கற வீடுகளுக்கு அடியில. பாம்பே தூண்னு ஒண்ணு காட்டுவாங்க, அஸ்வான் கிரானைட்ல 27 மீட்டர் உயரம். நம்ம பம்பாய் இல்ல, ரோமானிய தளபதி பாம்பேயோட பேரு. ஆனா அந்தாளுக்கும் தூணுக்கும் சம்பந்தமே இல்ல. அவரை எகிப்துல கொன்னது கி.மு. 48-ல, தூண் நட்டது கிட்டத்தட்ட கி.பி. 300-ஐ ஒட்டி, டயோக்ளீஷியன்ங்கற சக்கரவர்த்திக்காக. கைடு நல்லவரா இல்லையான்னு பாக்கணுமா, இது யாருக்காக வெச்சதுன்னு பையனை விட்டுக் கேக்கச் சொல்லுங்க, பாம்பே சமாதின்னு பதில் வந்தா அன்னிக்கு உங்க பொழுது போச்சு.

அடுத்தது கோம் எல் ஷுகாஃபா, நிலத்துக்கு அடியில இருக்கற கல்லறை. 1900-ல ஒரு கழுதை குழிக்குள்ள விழுந்துதான் இதைக் கண்டுபிடிச்சாங்க, உங்க பையனுக்கு இது ஒண்ணே போதும். எகிப்து சாமி அனுபிஸுக்கு ரோமானிய சிப்பாய் டிரெஸ் மாட்டி செதுக்கி வெச்சிருக்கான். செத்தவங்க சொந்தக்காரங்க வந்து உக்காந்து சாப்பிடறதுக்கு கல்லுல திண்ணை கட்டின ஒரு ரூம் இருக்கு. நம்ம வீட்டு திவச சாப்பாட்டை நெனச்சுக்கங்க, ஆனா சாப்பிட்ட மண் சட்டியை வீட்டுக்கு எடுத்துட்டு போக மாட்டாங்க, அங்கயே உடைச்சுப் போட்டுடுவாங்க. அதனாலதான் அந்த மேட்டுக்கே சட்டி ஓட்டு மேடுன்னு பேரு. ஆனா உங்க அம்மா இறங்க வேணாம். 99 படி, சுத்திச் சுத்தி கீழ போகும், லிஃப்ட் கிடையாது, இறங்கினா அதே 99-ஐ ஏறித்தான் வரணும். பிளான்ல இதை ஏஜென்ட் எழுதவே மாட்டார். அப்பாவும் பையனும் கைடோட இறங்கட்டும், அம்மாவும் நீங்களும் அந்த முக்கா மணி நேரம் மேல இருங்க, டிரைவரை தூரமா பார்க் பண்ணாம பக்கத்துலயே நிக்கச் சொல்லுங்க. அம்மாவுக்கு நூலகமும் கிரேக்க ரோமானிய மியூசியமும் சரிப்படும். அந்த மியூசியத்தை 2005-ல ரிப்பேருக்குன்னு மூடி 2023 அக்டோபர்லதான் திறந்தாங்க. பதினெட்டு வருஷம்! அதனாலதான் பழைய பிளானை ஃபார்வேர்டு பண்றவங்க லிஸ்ட்ல அது இருக்கறதே இல்ல, உங்க பிளான்லயும் இல்ல. தூணை எடுத்துட்டு இதை போடச் சொன்னாக்கூட நான் சரின்னுதான் சொல்லுவேன். அந்தக் காலத்துல நம்ம சேரநாட்டுத் துறைமுகம் முசிறில இருந்து ஏத்தின சரக்கு செங்கடல் வந்து, ஒட்டகத்துல ஏறி, நைல் வழியா இந்த ஊருக்கு வந்து, இங்க நாலுல ஒரு பங்கு வரியா பிடிச்சுக்கிட்டுதான் ரோமுக்குப் போச்சு, அந்த வியாபார ஒப்பந்தம் எழுதின பப்பைரஸ் இப்ப வியன்னால இருக்கு. அப்பாவுக்கு இதுல ஆர்வம் இருந்தா கைடு கிட்ட பேச்சு குடுக்கச் சொல்லுங்க.

இப்ப ரேட்டு. ஆளுக்கு 120, நாலு பேருக்கு 480. பத்து வயசு பையனுக்கும் அதே 120 எதுக்கு? காருக்கும் கைடுக்கும் ஆள் கணக்கு கிடையாது, ரெண்டு பேர் போனாலும் நாலு பேர் போனாலும் டீசல் ஒண்ணுதான். அதனால "வண்டியும் கைடும் மொத்தமா எவ்வளவு, நுழைவு டிக்கெட் எந்தெந்த இடத்துக்கு, சாப்பாடு தலைக்கு எவ்வளவு"ன்னு மூணா பிரிச்சுக் கேளுங்க. பிரிச்சு சொல்ல மாட்டேன்னா வேற ஆளைப் பாருங்க, தயங்கவே வேணாம். இன்னொண்ணு, பிரைவேட் கார்னு எழுதியிருக்கார். நீங்க நாலு பேரு, டிரைவர் அஞ்சு, கைடு ஆறு. சாதா கார்ல கைடு எங்க உக்காருவார்? ஹையேஸ் மாதிரி வேன்னு பேரு போட்டு எழுதி வாங்குங்க, இல்லேன்னா காலைல ஹோட்டல் வாசல்ல "பெரிய வண்டிக்கு எக்ஸ்ட்ரா"ன்னு ஆரம்பிப்பாங்க, அந்த நேரத்துல பேரம் பேச முடியாது.

டிக்கெட் விஷயம் எனக்கு தலைவலி. அரசாங்க இடங்கள்ல இப்ப முக்காவாசி கவுண்டர்ல கார்டு மட்டும்தான், ரொக்கம் வாங்க மாட்டாங்க. வெளிநாட்டுக்காரங்களுக்கு தனி ரேட்டு, அதையும் நெனச்ச நேரத்துல ஏத்துவாங்க, ஏஜென்ட் லிஸ்ட்ல பழைய ரேட்டுதான் இருக்கும். கார்டு மிஷின் நெட் இல்லாம தூங்கும். அப்ப கைடு "காசா என்கிட்ட குடுங்க, நான் என் கார்டுல போட்டுக்கறேன்"ம்பார். குடுக்கலாம், ஆனா டிக்கெட்டை கையில வாங்கி அதுல இருக்கற தொகையைப் பாருங்க. பையனோட ஸ்கூல் ஐடியை எடுத்துட்டு போங்க, மாணவர் டிக்கெட் பாதி விலை. உள்ள போனப்புறம் காவலர் ஒருத்தர் கண்ணைக் காட்டி "வா, ஸ்பெஷலா ஒண்ணு காட்டறேன்"னு கூப்பிடுவார், போனா பக்‌ஷீஷ் (டிப்ஸ்) குடுக்காம வெளிய வர முடியாது. கடற்கரை ரோட்டு குதிரை வண்டியும் அப்படித்தான், ஏறும்போது வண்டிக்குன்னு சொன்ன ரேட்டு இறங்கும்போது ஆளுக்குன்னு மாறும்.

சாப்பாடு உட்படன்னா அந்த ஊர்ல மீன் ஹோட்டல்னு அர்த்தம். ஐஸ்ல அடுக்கி வெச்சிருப்பாங்க, நீங்க கை காட்டின மீனை எடை போட்டு சமைப்பாங்க, கிலோ ரேட்டு கேக்காம கை காட்டக்கூடாது. அம்மாவுக்கு அங்க ரொட்டியும் சாலட்டும்தான் கிடைக்கும், அதுக்கும் முழு தலைக்கட்டு காசு பிடிப்பாங்க. சாப்பாட்டை பேக்கேஜ்ல இருந்து எடுத்துடச் சொல்லுங்க. கொஷரின்னு ஒண்ணு தெருவுக்குத் தெரு கிடைக்கும், சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேல வறுத்த வெங்காயம், தக்காளி சாறு, சுத்த சைவம், அம்மாவுக்கு தாராளமா பிடிக்கும். தாமியான்னு வடை மாதிரி இருக்கும், அதுவும் பயறுதான்.

பிரைவேட்தான் போகணும்னு நான் சொல்றதைப் படிச்சுட்டு கப்பல்ல வர்றவங்க அப்படியே செஞ்சுடாதீங்க, உங்க கதை வேற. கப்பல் கம்பெனியே ஏற்பாடு பண்ற பஸ்ஸுல போய் லேட்டானா கப்பல் நிக்கும், நீங்களா பிடிச்ச வண்டியில லேட்டானா நிக்காது, அடுத்த துறைமுகத்துக்கு சொந்த செலவுல போய் ஏறணும். அதனால அலெக்சாண்ட்ரியால இறங்கி பிரமிடு பாக்க கெய்ரோ போறவங்க, போக மூணு வர மூணு மணி நேரம், கண்டிப்பா கப்பல் பஸ்ஸுலதான் போகணும். இறங்கின ஊரை மட்டும் சுத்தறவங்க பிரைவேட் எடுக்கலாம், துறைமுகம் ஊருக்குள்ளயே இருக்கு, எங்க இருந்தாலும் திரும்பிடலாம். ஆனா கப்பல் கிளம்பற நேரம் வேற, எல்லாரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் வேற, ரெண்டாவதுதான் உங்க நேரம். அதுலயும் கப்பல் கடிகாரம் ஒண்ணு காட்டும், ஊர் கடிகாரம் ஒண்ணு காட்டும், எகிப்துல 2023-ல இருந்து மறுபடியும் கோடைல ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெக்கறாங்க, ஃபோன் தானா ஊர் நேரத்துக்கு மாறிக்கும். இறங்கும்போதே கப்பல் கடிகாரத்தைப் பாத்து ஒரு கை கடிகாரத்துல வெச்சுக்கங்க, ஃபோனை நம்பாதீங்க.

உங்களுக்கு வர்றேன் சகோதரி. நாள் எடுக்கும்போது வெள்ளிக்கிழமை வேணாம், அங்க வார லீவு, மதியம் தொழுகை, நூலகத்துல நேரமெல்லாம் மாறிடும். டிசம்பர்ல மழைப் புயல் வரும், நவ்வான்னு சொல்லுவாங்க, ஒவ்வொண்ணுக்கும் பேரே வெச்சிருக்காங்க, நவம்பர்ல வர்றதுக்கு துடைப்பம்னு பேரு. அப்ப அலை ரோட்டுக்கு ஏறும், கோட்டைல நிக்கவே முடியாது, அதனால "புயல் வந்தா நாளை மாத்திக்குடுக்கணும், காசு பிடிக்கக்கூடாது"ன்னு ஒரு வரி சேத்துக்கங்க. முழு பணமும் முன்னாடியே, அதுவும் ஒருத்தரோட சொந்த அக்கவுண்டுல போடச் சொன்னா போடாதீங்க, கொஞ்சம் முன்பணம், மீதி டூர் அன்னிக்கு வண்டியில ஏறினப்புறம்.

ஏஜென்ட்டுக்கு இன்னிக்கே அனுப்புங்க: கடை ஒண்ணும் கிடையாது, எட்டு பேர் உக்கார்ற வேன், கைடோட லைசென்ஸ் கார்டு போட்டோ, டிக்கெட் எந்தெந்த இடத்துக்கு, சாப்பாடு வேணாம், சாயங்காலம் 5 மணி வரைக்கும் அலெக்சாண்ட்ரியாலயே இருப்போம். இதுக்கெல்லாம் ஒத்துக்கிட்டு அதுக்கப்புறம் என்ன ரேட்டு சொல்றாரோ அதுதான் நெஜ ரேட்டு. 120-ஐ விட பத்து டாலர் கூட இருந்தாலும் அதையே எடுங்க. "கடை வேணாம்னா ரேட்டு ஏறும் மேடம்"னு வாய் விட்டே சொன்னார்னா கோவப்படாதீங்க, அந்த ஒரு விஷயத்துல அவர் உண்மையை சொல்லியிருக்கார்.