கடல் உயிர்களில் கதிரியக்கம் சேர்வது எப்படி? – கேள்வி பதில்

ஜப்பானில் 2011இல் நடந்த ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு சில மீன்களில் கதிரியக்கச் சீசியம் ஏராளம். அதே கடலின் கணவாயில் சொற்பம். ஏன் சார்?

ஒவ்வொரு தனிமமும் உடலுக்குள் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். பொதுவாகக் "கதிரியக்கம்" என்று பேசினால் இந்த வேறுபாடு தெரியாமலே போய்விடும். சீசியம் பொட்டாசியத்தின் இனம். மீனின் உடல் அதைப் பொட்டாசியம்போலவே தசையில் சேர்த்துக்கொள்ளும். ஆனால் கடல்மீன் உப்புநீரைக் குடித்து, மிகுதி உப்பைச் செவுள் வழியே ஓயாமல் வெளியேற்றும் பிராணி. அந்த வழியில் சீசியமும் மெல்லப் போய்விடும். நன்னீர் மீன் உப்பை இழக்காமல் காக்கப் பார்க்கும். அதனால்தான் அப்பகுதி ஆறு, ஏரி மீன்களில் சீசியம் வெகுகாலம் தங்கியது. கணவாய், பேய்க்கணவாய், சங்கு போன்றவற்றின் உடல்நீர் ஏறக்குறைய கடல்நீர் அளவுக்கே உப்பானது. கடலில் சீசியம் குறைந்ததும் அவற்றிலும் சீக்கிரம் குறைந்துவிட்டது. 2012 ஜூனில் ஃபுகுஷிமா மீனவர்கள் சோதனை முறையில் மீண்டும் தொழிலுக்குப் போனபோது முதலில் பிடித்தது பேய்க்கணவாயும் சங்கும்தான்.

அப்படியானால் 2013இல் ஒரு மீனில் சீசியம் கிலோவுக்கு 7,40,000 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) இருந்தது எப்படி? உணவுக்கான உச்சவரம்பே 100தானே?

ஆமாம், 2012 ஏப்ரல் முதல் ஜப்பானின் வரம்பு 100. நீங்கள் சொல்லும் மீன் அணு உலையின் சொந்தத் துறைமுகத்துக்குள் பிடிபட்ட அய்னாமே என்ற வகை. அது அடிமட்டத்தில் பாறையை ஒட்டி வாழும், அதிகம் அலையாது. துறைமுகச் சேற்றின் களிமண் சீசியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சேற்றிலுள்ள புழுவும் நண்டும்தான் அதற்கு இரை. உப்போடு வெளியேற்றினாலும் தினமும் இரையோடு மீண்டும் உள்ளே வந்தால் என்ன பயன்? 2023 மே மாதத்திலும் அதே துறைமுகத்தில் ஒரு பாறைமீனில் 18,000 பெக்கரல் இருந்தது. வெளிக்கடல் நிலவரம் வேறு. விபத்துக்கு அடுத்த மாதங்களில் ஃபுகுஷிமா மாகாணக் கடல் மாதிரிகளில் ஏறத்தாழ பாதி 100ஐத் தாண்டின. 2015 வாக்கில் அப்படி ஒரு மீன் கிடைப்பதே அரிது. துறைமுக மீனின் எண்ணைப் போட்டு ஒரு கரை முழுவதையும் பயமுறுத்துவது, நேர்மையாக அளந்து காட்டிய மீனவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

சிறிய மீனைப் பெரிய மீன் தின்னத் தின்னச் சீசியமும் பாதரசம்போலப் பெருகுமா?

அந்த அளவுக்கு இல்லை. நல்ல நீரும் இரையும் கிடைத்தால் கடல்மீன் தன் சீசியத்தில் பாதியைச் சில வாரங்களிலோ மாதங்களிலோ இழந்துவிடும். பாதரசம் அப்படிப் போகாது.

நெத்திலியை முள்ளோடு தின்கிறோம். ஸ்ட்ரான்சியம் என்ற இன்னொரு கதிரியக்கத் தனிமம் முள்ளில்தானே சேரும், அண்ணா?

சரியான கேள்வி. அது கால்சியத்தின் இனம் என்பதால் முள்ளில்தான் போய்ச் சேரும். ஆனால் கடல்நீரில் கால்சியமும் கதிரியக்கமற்ற ஸ்ட்ரான்சியமும் நிறைய இருப்பதால் போட்டி அதிகம். கடல்நீரைவிட மீனில் சீசியம் சுமார் 100 மடங்கு செறியும் என்று கணக்கிடுவார்கள். ஸ்ட்ரான்சியத்துக்கு சுமார் 3 மடங்குதான். என்றாலும் முழுதாகத் தின்னும் மீனை முழுதாகத்தான் அளக்க வேண்டும். சதையை மட்டும் அளந்த அறிக்கை நெத்திலிக்குப் பொருந்தாது.

பிரிட்டனில் சிங்கி இறால் பிரச்சினை என்கிறார்களே?

அது டெக்னீசியம்-99 என்ற கதிரியக்கத் தனிமம். 1994 முதல் பிரிட்டனின் செல்லாஃபீல்டு அணு எரிபொருள் மறுசுத்திகரிப்பு ஆலை அதை ஐரிஷ் கடலில் கூடுதலாக விட்டது. மீன்கள் அதைக் கொஞ்சமாகவே ஏற்றன. சிங்கி இறால் கடல்நீரைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல் செறித்தது. நார்வே கரைச் சிங்கி இறால்களில்கூடத் தென்பட்டது. அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 2 லட்சம் ஆண்டுக்கு மேல். கழிவிலிருந்து அதைப் பிரிக்கும் முறை வந்தபிறகே வெளியேற்றம் குறைந்தது. அந்த முறையை முதலிலேயே கட்டாயமாக்கியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

விபத்தே நடக்காத கடலில் கதிரியக்கம் இருக்காதுதானே?

இருக்கும். எந்த மீனிலும் இயற்கைப் பொட்டாசியம்-40 கிலோவுக்குச் சுமார் 100 பெக்கரல் உண்டு. கடலுணவால் நமக்குச் சேரும் கதிர்வீச்சில் பெரும்பங்கு பொலோனியம்-210 என்ற இயற்கைத் தனிமத்தால் வருவது. சிப்பியின் செரிமானச் சுரப்பியிலும் மீனின் குடலிலும் ஈரலிலும் அது மிகுதி, சதையில் குறைவு. அரை ஆயுள் 138 நாள். மீனைக் குடல் நீக்கிச் சமைப்பதாலேயே பெரும்பகுதி கழிந்துவிடும். சிப்பியை அப்படிச் செய்ய முடியாது, முழுதாகத்தான் தின்கிறோம். ஆகவே சிப்பி அதிகம் உண்ணும் ஊர்களில் தனியாக அளந்து பார்ப்பது அவசியம்.