பக்கவாத்தியம் வாசிக்கிறவருக்கு எதற்குப் பரிதாபம்?

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கீபோர்டு கலைஞர் ஸ்பூனர் ஓல்டாம் பற்றி நீங்கள் எழுதிய ஒரு வரியைப் பார்த்துத் தேடிக் கேட்டேன். இத்தனை ஹிட் பாட்டுகளுக்கு வாசித்தவரை வெளியே யாருக்கும் தெரியவில்லையே, பாவம்! நானும் கச்சேரிக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். வேலையை விட்டுவிட்டு ஸ்டுடியோ வாசிப்புக்குப் போகலாமா? என்ன கீபோர்டு வாங்கலாம்? நான் வாசித்த ஒரு பாட்டை இணைத்திருக்கிறேன்.

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

கையில் இருக்கிற கீபோர்டே போதும். கடைக்காரரிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்காதீர்கள்.

ஆனால் அந்தப் ‘பாவம்’ என்னைச் சீண்டிவிட்டது. சில நாட்களாக நானும் ஓல்டாமைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சிறுவயதில் கரண்டி பட்டு ஒரு கண்ணில் பார்வை போன மனிதர். ஸ்பூனர் என்பது அதனால் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். அதற்கு வேண்டுமானால் பாவப்படுங்கள், வாசிப்புக்கு வேண்டாம்.

1967 ஜனவரி. அலபாமாவின் மசில் ஷோல்ஸ் என்ற சின்ன ஊரில் ஃபேம் ஸ்டுடியோ. கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனியில் பல வருடம் பாடியும் பெரிதாக ஒன்றும் அமையாமல் அட்லாண்டிக் கம்பெனிக்கு மாறிவந்த அரீத்தா ஃபிராங்க்ளின், பியானோவில் தானே உட்கார்ந்துவிட்டார். ‘ஐ நெவர் லவ்டு எ மேன்’ பாட்டு. மெட்டு இருக்கிறது, அப்பேர்ப்பட்ட குரல் இருக்கிறது, ஆனால் எங்கே தொடங்குவது என்று குழுவுக்குப் பிடிபடவில்லை. வுர்லிட்சர் எலெக்ட்ரிக் பியானோவில் விரல்களை ஓடவிட்டுக்கொண்டிருந்த ஓல்டாம், ஒரு சின்னத் துணுக்கைக் கண்டுபிடித்தார். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றே தகராறு மூண்டு பதிவு பாதியில் நின்றது வேறு கதை.

வுர்லிட்சரில் தந்தி கிடையாது. ஆர்மோனியத்தில் காற்று ரீடை, அதாவது மெல்லிய உலோகத் தகட்டை, அசைக்கும். இதில் ஒரு குட்டிச் சுத்தி வந்து ரீடைத் தட்டும். கொஞ்சம் கரகரப்பான சத்தம். பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். துணுக்கு வருகிறது, நிற்கிறது, மறுபடி வருகிறது. அரீத்தா வந்ததும் மனிதர் ஒதுங்கி வழிவிடுகிறார். ஒதுங்கினார் என்பதற்காக அவரைச் சின்ன ஆளாக்கிவிடுவீர்களா? அந்தத் துணுக்கை எடுத்துவிட்டால் பாட்டுக்கு வாசலே இல்லை.

இதற்கு முந்தைய வருடம் பெர்சி ஸ்லெட்ஜ் பாடிய ‘வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்’ பாட்டிலும் ஆர்கன் இவர்தான். கல்லூரி விடுதியில் அந்த கேசட் ஓடும். உறையில் வாசித்தவர்கள் பெயர் எதுவும் இருக்காது. ஆனால் அந்த ஆர்கன் மெல்ல இறங்கி வரத் தொடங்கியதும் சீட்டாடுகிறவன்கூட வாயை மூடிக்கொள்வான். ஒரு சுரத்தை அழுத்திவிட்டு அவசரப்படாமல் இருக்க எவ்வளவு தைரியம் வேண்டும்!

அப்புறம் மெம்ஃபிஸ், லாஸ் ஏஞ்சல்ஸ். பாடலாசிரியர் டான் பென்னோடு சேர்ந்து ‘ஐம் யுவர் பப்பெட்’, ‘க்ரை லைக் எ பேபி’ என்று பாட்டுகளும் எழுதினார். 1980இல் பாப் டிலனின் ‘சேவ்டு’, 1992இல் நீல் யங்கின் ‘ஹார்வெஸ்ட் மூன்’ ஆல்பங்களில் வாசித்தார். 2009இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலில் சேர்த்தார்கள். தெரியவேண்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத் தெரியாதது அவர் குறையா?

சரி, நீங்கள் அனுப்பிய பாட்டுக்கு வருகிறேன். விரல் நன்றாக ஓடுகிறது, அதுதான் பிரச்சினை. அந்தப் பெண் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் ஓடிவந்து ஒரு சங்கதி போடுகிறீர்கள். சரணத்தில் பேஸ் கிடார் வாசிக்கிற தம்பி செய்வதையே உங்கள் இடது கையும் செய்கிறது. பாடுகிறவருக்கு நிற்க இடமில்லை. ‘பெயர் தெரியவில்லையே’ என்ற கவலை இப்போதே உங்கள் கையில் இறங்கிவிட்டது ஐயா!

அதே பாட்டை, இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, பாதி சுரங்களை விட்டு வாசித்து அனுப்புங்கள். வேலையை விடுவது பற்றி அப்புறம் பேசலாம். அதுவரை விடாதீர்கள்.