பைக்குக்கு ஒரிஜினல் பிரேக் பேடா, வெளிக் கம்பெனி பேடா?

பிரேக் பேட் என்பது இரும்புத் தகட்டில் ஒட்டிய உராய்வுப் பொருள். சுழலும் டிஸ்க்கைக் கவ்வி வண்டியை நிறுத்துவது அதுதான். ஒரிஜினல் பேடின் கடினம் உங்கள் டிஸ்க்குக்குப் பொருந்தும்படி தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும். வெளியே வாங்கும்போது அந்தப் பொருத்தத்தை நீங்கள்தான் பார்க்க வேண்டும். பிசினால் இறுக்கிய ஆர்கானிக் பேட் மென்மையானது, சீக்கிரம் தேயும். உலோகத் தூளைச் சூடாக்கி அழுத்திய சின்டர்டு பேட் மழையிலும் சூட்டிலும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதற்கென்று செய்யப்படாத டிஸ்க்கைத் தின்றுவிடும். பள்ளி ரப்பரைப் போலத்தான்: மெத்தென்றது தானே கரையும், முரடானது தாளைக் கிழிக்கும்.

அன்றாட ஓட்டத்துக்கு நான் ஒரிஜினலையே வாங்குவேன். பெயரே இல்லாத மலிவுப் பேட், இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

புதுப் பேட் முதல் நாள் சற்று மந்தமாகப் பிடித்தால் போலி என்று பலர் எண்ணுகிறார்கள். டிஸ்க்கோடு படிய அதற்கு 200 முதல் 300 கிலோமீட்டர் வரை ஆகலாம், அதுவரை நிதானமாக ஓட்டுங்கள்.