ஊசி பிடிக்கும் கை: மயக்கவியல் ஆசிரியரிடம் கேள்வி பதில்

இருபது வருடமாக மயக்கவியல் சொல்லிக்கொடுக்கிறேன். கைவேலை பற்றி மட்டும் கேளுங்கள்.

ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி டாக்டர்), தஞ்சாவூர்: மேடம், வென்ஃப்ளான் (டிரிப் ஏற்ற, ஊசியோடு சேர்த்து வெயின் என்ற ரத்தக்குழாய்க்குள் செருகும் பிளாஸ்டிக் குழாய்) போடும்போது ரத்தம் வருகிறது. ஆனால் டிரிப் ஓடவிட்டால் கை வீங்கிவிடுகிறது.

ரத்தம் தெரிந்ததுமே ஊசியை உருவுகிறீர்கள். ஊசி நுனி பிளாஸ்டிக் குழாயைவிடச் சற்று நீண்டிருக்கும். முதல் சொட்டு ரத்தம் தெரியும்போது வெயினுக்குள் இருப்பது அந்த நுனி மட்டும்தான். ஊசியைத் தாழ்த்தி, இன்னும் இரண்டு மில்லிமீட்டர் முன்னே கொண்டுபோங்கள். அப்புறம் குழாயை மட்டும் தள்ளுங்கள். இடது கட்டைவிரலால் தோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும். வயதானவர்களுக்குப் பாதி வேலை அந்த விரலில்தான் இருக்கிறது. உருவிய ஊசிக்கு மூடி போடாதீர்கள். உருவிய கையே அதைப் பயன்படுத்திய ஊசிக்கான டப்பாவில் போடட்டும்.

இரண்டாம் ஆண்டு, மதுரை: தையல் எதில் பழகலாம்?

வாழைப்பழத் தோல். இழுத்தால் கிழியும், அதனால் கை தானாக மென்மையாகும். பிறகு தோலோடு வாங்கிய கோழிக்கால். கண் மருத்துவர்கள் ஆட்டுக் கண்ணில் பழகுகிறார்கள். பழகும் ஊசிக்கும் மூடி கிடையாது.

வாசகி, ஈரோடு: மகனுக்கு அடிக்கடி வயிற்றுவலி, என்ன கொடுக்கலாம்?

குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள் அம்மா.

வாசகர், சேலம்: அரசு ஆஸ்பத்திரியில் என் அம்மாவைப் பயிற்சி டாக்டர் நான்கு முறை குத்தினார். ஏழை உடம்பில்தான் பழக வேண்டுமா?

கூடாது. 'ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைக் கற்பி' என்று எங்களை வளர்த்தார்கள். 2019-இல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் திறன் பயிற்சிக் கூடத்தைக் கட்டாயமாக்கியது. முதல் குத்து பொம்மைக் கையில்தான் விழ வேண்டும். நோயாளியிடம் இரண்டு முறை முயலலாம், அதற்கு மேல் சீனியர் கைக்குப் போய்விட வேண்டும். உங்கள் அம்மாவுக்கு விழுந்த மூன்றாவது, நான்காவது குத்துக்கு அருகில் இல்லாத ஆசிரியரே பொறுப்பு. நானும் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒரு பாட்டியை ஐந்து முறை குத்தியிருக்கிறேன். இரவு, வார்டில் நான் தனி. கடைசியில் சிஸ்டர்தான் வந்து ஊசியை வாங்கி ஒரே தடவையில் போட்டார். அந்தப் பாட்டியின் முழங்கை இன்னும் கண்ணில் நிற்கிறது.

பி.ஜி. (மேற்படிப்பு டாக்டர்), சென்னை: 'நான் பழகுகிறேன்' என்று சொன்னால் யார் கை நீட்டுவார்கள்?

நிறையப் பேர் நீட்டுகிறார்கள். "நான் பயிற்சி டாக்டர், பக்கத்தில் பெரிய டாக்டர் இருக்கிறார், இரண்டு முறைக்கு மேல் குத்த மாட்டேன்" என்று சொல்லிப் பாருங்கள். மறுத்தால் அது அவர் உரிமை.

அதே பி.ஜி.: அவசர நேரத்தில் இதெல்லாம் நடக்குமா?

அவசர நேரத்தில் முதல்முறைக்காரர் கையில் லாரிங்கோஸ்கோப்பே (மூச்சுக்குழாயில் குழாய் போட, தொண்டைக்குள் பார்க்கும் கருவி) இருக்கக் கூடாது. காலையில் தியேட்டரில், நிதானமாக, நான் பக்கத்தில் நிற்கும்போது பழகுங்கள்.

ஹவுஸ் சர்ஜன், வேலூர்: எங்கள் வார்டில் இரவில் சீனியரே இல்லை மேடம். சொல்வது சுலபம்.

சுலபம் இல்லை, தெரியும். போனில் எழுப்புங்கள். திட்டினால் திட்டட்டும். சிஸ்டரிடம் கேட்கவும் தயங்காதீர்கள்.

ஹவுஸ் சர்ஜன், கடலூர்: வென்ஃப்ளான் போட்டால் வீங்குகிறது, ஏன்?

முதல் பதிலைப் படியுங்கள்.

பி.ஜி., கோவை: எத்தனை சென்ட்ரல் லைன் (இதயத்துக்கு அருகே உள்ள பெரிய ரத்தக்குழாய்வரை போகும் குழாய்) போட்டால் தனியாகப் போடலாம்?

எண்ணிக்கையை விடுங்கள். குழாய் உள்ளே போகும்போது கைடு வயரின் (குழாய்க்கு வழிகாட்டும் மெல்லிய கம்பி) மறுமுனை உங்கள் விரலில் இருக்கிறதா, அதைச் சொல்லுங்கள். விட்டால் வயர் இதயத்துக்குள் போய்விடும்.

மாணவர், நாகர்கோவில்: வென்ஃப்ளான் வீக்கம்...

முதல் பதில்.

ஹவுஸ் சர்ஜன் (ஊர் எழுதவில்லை): நேற்று இரவு மூடி போடும்போது விரலில் குத்திக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

இதைப் படித்ததும் எழுந்து போங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், பிழியாதீர்கள். டியூட்டி டாக்டரிடம் சொல்லி அந்த நோயாளியின் ரத்தப் பரிசோதனையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்பதையும் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முதல் 2 மணி நேரத்தில் தொடங்குவதே நல்லது, 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. யாரும் திட்ட மாட்டார்கள் என்று என்னால் சொல்ல முடியாது, ஆனாலும் போங்கள். போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதுங்கள். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அந்த வரி வந்த பிறகுதான் அடுத்த கேள்வி.